கோல்கீப்பர் இருந்த கேசட்

பழைய வீடியோ கேம் கேசட்டுகளைச் சேர்க்கும் கிறுக்கு எனக்கு உண்டு. கோட்டாற்றில் மின்சாமான் கடை வைத்திருக்கும், நாற்பதைத் தாண்டியவனுக்கு இது தேவைதானா என்று வீட்டில் கேட்காத ஆளில்லை. அந்தக் காலத்தில் நம் கடைகளில் விற்றதெல்லாம் மஞ்சள் நிறப் போலிகள். அசல் வேண்டுமென்றால் வளைகுடாவில் வேலை பார்த்த அப்பாக்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த வீடுகளைத்தான் தேடிப் போக வேண்டும். போவேன். துஷ்டி கேட்கப் போன சாவு வீட்டில்கூட என் கண் பரண்மேல்தான் இருக்கும். அப்படிப்பட்ட சவம் நான்.

மண்டைக்காட்டுக்கு அப்பால் கடற்கரையோரம் ஒரு வீட்டில் ஜப்பான் கால்பந்துக் கேசட் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எட்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது அது. வீட்டுக்காரர் துபாயில் வெல்டராக இருந்து திரும்பியவர். நுரையீரல் கெட்டுப்போய்க் கட்டிலோடு கிடந்தார். தலைமாட்டிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, துணியில் சுற்றிய கேசட்டை எடுத்துக் காட்டினார். லேபிள்கூடக் கிழியவில்லை. எனக்குக் கை பரபரத்தது.

"எனக்க மோன் விளையாடினது மக்களே" என்றார்.

மகன் சில வருடங்களுக்கு முன் புயலில் படகோடு போனவன். உடல் கிடைக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கேசட்டில் இருந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் பெயர்களை அழித்துவிட்டு, தன் பெயரையும் கூட்டாளிகளின் பெயரையும் ஏற்றி ஓர் அணி செய்து வைத்திருந்தானாம். கேப்டன் அவன். கோல்கீப்பர் அப்பா.

"லீவுல வந்தப்ப காட்டினான். ஏம்ல என்னைய கோல்ல நிறுத்தியிருக்கன்னு கேட்டேன். கோலிதான்பா எங்கயும் போகமாட்டாரு, அங்கனயே நிப்பாருன்னான்." சிரிக்கப்போய் இருமினார். அடங்க வெகுநேரம் ஆயிற்று. "கேம் பெட்டி உப்புக்காத்துல துருப்பிடிச்சுப் போச்சு. அந்த டீம ஒருக்க டிவியில காட்டித் தா. அவனுக்க பேரும் எனக்க பேரும் ஒண்ணா இருக்கத பாக்கணும். பொறவு கேசட்ட நீயே எடுத்துக்க."

"கேசட்ட தொடச்சு செரி பண்ணி, என் கேம் பெட்டியோட ஞாயித்துக்கிழமை வாறேன் அண்ணாச்சி" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

கேசட் சேர்க்கும் எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. கடற்கரையிலிருந்து வரும் கேசட்டைத் திறந்து துடைக்காமல் பெட்டியில் செருக மாட்டோம். உப்பேறிய போர்டு, பெட்டியையும் சேர்த்துக் கொன்றுவிடும். சனிக்கிழமை மதியம் திறந்தேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி இருந்தது. ஏற்றிய பெயர்களை நினைவில் வைத்திருப்பது அதுதான். கழற்றினால் எல்லாம் போய்விடும். தெரியாதவனா நான்? ஆனால் அதன் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒழுகினால் போர்டு போச்சு, எட்டு வருடம் தேடிய கேசட் போச்சு. இத்தனை வருடத்துப் பேட்டரியில் இனி என்ன மிச்சமிருக்கப் போகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றியிருக்கலாம். சால்டரிங் அயர்ன் சூடாகியிருந்தது. கழற்றினேன், புதுசு வைத்தேன்.

செருகிப் பார்த்தேன். வெளிநாட்டுப் பெயர்கள் பதினொன்றும் வரிசையாக வந்து நின்றன.

பிறகுதான் பழைய பேட்டரியில் மீட்டரை வைத்தேன். புதுசுக்கு மூன்று வோல்ட்; இதில் அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. பாவி, அது உயிரோடு இருந்திருக்கிறது. நான் கழற்றிய நிமிடம்வரை அப்பாவும் மகனும் அதற்குள் இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் உண்மையைச் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. அவர் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டிவியைக் கட்டிலுக்கு நேரே நகர்த்தி வைத்திருந்தார். "ஏட்டி, தம்பிக்கு சாயா போடு. நீயும் வந்து இரி, பிள்ளைக்க பேரு வரப்போவுது" என்று மனைவியிடம் சொன்னார். என் தைரியம் அங்கேயே செத்தது.

"பேட்டரி முன்னாடியே தீந்து போயிருக்கு அண்ணாச்சி. உள்ள ஒண்ணும் இல்ல."

அவர் அணைந்திருந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு வருசம் முன்ன உன்னைய கூப்பிட்டிருந்தா இருந்திருக்குமா மக்களே?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை போதும், மனுஷன் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் என் பொய் பொருந்தி வர வேண்டுமே! எப்போதோ தீர்ந்தது என்றால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

"இருந்திருக்கும்" என்றேன்.

கேசட்டைத் திருப்பி நீட்டினேன். "சொன்னது சொன்னதுதான், கொண்டுபோ" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் கொண்டுவந்தேன்.

மூன்று மாதத்தில் இறந்துபோனார். நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். அவர் மனைவி சாயா கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"கடைசிவர அதையேதான் சொல்லிட்டுக் கெடந்தாரு தம்பி. ஒரு வருசம் முன்ன கூப்பிடாம விட்டுட்டேனே, பிள்ளைய நானே ரெண்டாம் தடவையும் தொலைச்சிட்டேனேன்னு. நீங்க எங்களுக்காவ எவ்வளவு பாடுபட்டீங்க."

தலையை ஆட்டிவிட்டு சாயாவைக் குடித்தேன்.

கேசட் என் அலமாரியில்தான் இருக்கிறது. பேட்டரி புதுசு, இன்னும் இருபது வருடம் தாங்கும்.