கழற்றி வைத்த காலுறைகள்

நம்பாதவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அன்று அந்தக் குழந்தைத் தள்ளுவண்டியின் அருகில் நின்றவள் நான். என் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் கடலோரத்தில் குழந்தைகள் நல நர்ஸாக இருக்கிறேன். பிரசவமான வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை. அது டிசம்பர். எங்கள் பக்கம் அந்த மாதம் முழுக்கச் சூரியன் எட்டிப் பார்க்காது. நடுப்பகலில் கொஞ்சம் மங்கல் வெளிச்சம்; மத்தியானம் இரண்டு மணிக்கே அதுவும் போய்விடும்.

தூருனின் வீடு கடைக்கோடியில் இருந்தது. மூன்று வாரக் குழந்தை எஸ்கிலைத் தவிர அவளுக்குத் துணை யாருமில்லை. பக்கத்து வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

"வாங்க சிஸ்டர். மனுஷ மூஞ்சியப் பாத்தே பத்து நாளாச்சு."

"உங்க வீட்டுக்காரர்?"

"அவருக்குக் கப்பல்தான் பொண்டாட்டி. நான் சும்மா பேருக்கு."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

எங்கள் ஊர் வழக்கப்படி குழந்தை வெளியே, சன்னலுக்கடியில், கம்பளிகளுக்குள் புதைந்து தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. குளிர்காற்றில் தூங்கினால் பிள்ளை உரம் பெறும் என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கை. அவன் மூச்சு மேசைமேல் இருந்த பேபி மானிட்டரில் கேட்டது.

"சிஸ்டர்... யாரோ எம்புள்ள காலுறையைக் கழட்டுறாங்க."

"உதைச்சுத் தள்ளியிருப்பான்."

"உதைக்கிறவன் மடிச்சும் வைப்பானா?"

மூன்று நாளாக இப்படித்தானாம். வண்டியின் விளிம்பில் இரண்டு காலுறைகளும் அழகாக மடித்திருக்குமாம். பனியில் ஒரு காலடித்தடமும் இருக்காதாம். இன்று நாடாவால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள்.

தனிமையில் மனம் எதையாவது கற்பனை செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். பேச்சை மாற்றினேன்.

"பால் குடிக்கிறானா?"

"ரெண்டு வாய் குடிக்கிறதுக்குள்ள வேர்த்து ஊத்துது. அப்படியே தூங்கிடறான். அப்பன மாதிரியே சோம்பேறி."

"கால் சூடா இருக்கா?"

"சில்லுனுதான் இருக்கு. இந்த ஊர்ல யாருக்குச் சூடா இருக்கு?"

உண்மைதான். இங்கே பிள்ளைகளின் கால் சில்லிட்டிருந்தால் இன்னொரு கம்பளிக் காலுறை மாட்டுவோம். அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. நானும் தலையாட்டினேன்.

மணி 2.17.

மானிட்டரில் சர்ரென்று ஒரு சத்தம்... நாடா அவிழும் சத்தம்.

பிறகு ஒரு மூச்சு. குழந்தையுடையது இல்லை. வயதான, வறண்ட மூச்சு.

"கால்..."

தூருன் என் கையைப் பிடித்தாள். மானிட்டரில் மறுபடி அந்த வறண்ட குரல்.

"காலப் பாரு..."

ஓடினோம்.

யாருமில்லை.

பனியில் என் காலணித் தடமும் அவள் தடமும் மட்டுமே.

காலுறைகள் மடித்திருந்தன.

வெறுங்கால்கள்... சாம்பல் நிறத்தில்.

குழந்தையை உள்ளே தூக்கி வந்தேன். கைகள் வெதுவெதுப்பாக, இளஞ்சிவப்பாக இருந்தன. கால்களோ பனிக்கட்டி. தொடை இடுக்கில் விரலை வைத்தேன். அங்கே ஒரு நாடி துடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தேடினேன். இல்லை.

வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் இதயத்துக்கு அருகே ஒரு குறுக்குவழிக் குழாய் உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அந்த இடத்தில் பிறவியிலேயே ஒடுங்கியிருந்தாலும், குறுக்குவழி திறந்திருக்கும்வரை வெளியே தெரியாது. அது மூடியதும் கால்களுக்கு இரத்தம் நின்றுபோகும். அதற்குப் பிறகு கையில் இருப்பது சில மணி நேரம்தான்.

அவசர உதவிக்கு போன் போட்டேன்; ஹெலிகாப்டர் வந்தது. குறுக்குவழியைத் திறந்து வைக்கும் மருந்தை நரம்பில் ஏற்றியபடியே கொண்டுபோனார்கள். ஆஸ்லோவில் அறுவை சிகிச்சை நடந்தது. எஸ்கில் பிழைத்தான்.

மார்ச்சில் ஊர்க் கடைக்காரரிடம், தூருனுக்கு முன்பு அந்த வீட்டில் இருந்தது யார் என்று விசாரித்தேன்.

"ஹான்சீனங்கிற கிழவி. சின்ன வயசுல அவ பெத்த ஆம்பளப் புள்ள ஒரு மாசத்துல போயிடுச்சு. கால் சில்லுனு இருக்குன்னு கம்பளியாச் சுத்திக்கிட்டே இருந்தாளாம்."

"அவங்கள எங்க புதைச்சிருக்கு?"

"புதைக்கிறதா? உயிரோடதான இருக்கா! முதியோர் இல்லத்துல."

அன்றே போனேன். சன்னலோரக் கட்டிலில் ஒரு சின்ன உருவம். ஏழு வருடமாகப் படுத்த படுக்கை. பேச்சும் இல்லை. பார்க்க வருபவர்களும் இல்லை. பணிப்பெண் ஓட்னி சொன்னாள்:

"டிசம்பர்ல இவங்க கைவிரல் நுனியெல்லாம் பனியில வெறச்ச மாதிரி வெளுத்துப்போச்சு. ஹீட்டர் பக்கத்துலயே படுத்திருக்கவங்களுக்கு எப்படி? டாக்டருக்கே புரியல. அப்புறம் தானாச் சரியாயிடுச்சு."

போர்வையை விலக்கினேன்.

கைவிரல்கள் வெளுத்துக் கொப்பளித்திருந்தன. புதுக் கொப்புளங்கள்.

"இது?"

"நேத்திலிருந்து மறுபடி ஆரம்பிச்சிருக்கு சிஸ்டர்."

என் பொறுப்பில் இப்போது ஏழு கைக்குழந்தைகள். ஐந்து பேரின் கால்களைப் பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கிறார்கள்.

மற்ற இரண்டு வீடுகளுக்கும் போகும் பாதையைப் பனி மூடியிருக்கிறது... போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை.