மோடத்துக்கு வைத்த குங்குமம்

சுரக்குடியில் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த புதன்கிழமை, கேபிள்காரர் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார். அம்மா விடவில்லை. இடுப்பு ஆபரேஷன் ஆகி வாக்கரில் நடக்கிறவள், ராகு காலம் ஒன்றரைக்கு முடியும்வரை அவரை மோர் குடிக்க வைத்து உட்கார்த்திவிட்டாள். ஊர் உலகமெல்லாம் திருநள்ளாற்றுக்கு வந்து சனியைத் தொலைத்துவிட்டுப் போகிறது, பக்கத்தில் இருக்கிற நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

ஒன்றரைக்கு அவர் மோடத்தை மாட்டி, தன் லேப்டாப்பில் சோதித்தார். வேலை செய்தது. அம்மா மோடத்துக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். பிறகு வயரை என் கம்ப்யூட்டரில் செருகினேன். ஒன்றும் வரவில்லை.

"லினக்ஸா மேடம்? விண்டோஸ் போடுங்க, வந்துரும்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருஷமாக விண்டோஸைத் தொடாமல் லினக்ஸிலேயே கம்ப்யூட்டரை ஓட்டிப் பிழைப்பு நடத்துகிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

நாலு மணிக்குச் சென்னை ஆபீஸிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடுவார்களா என்பது அதில்தான் முடிவாகும். போனை நம்ப முடியாது, வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது.

செட்டிங்குகளைக் கிண்டிக் கிண்டி, மூன்று மணிக்குத்தான் உறைத்தது. இந்த மாதிரி மோடம் முதலில் பார்த்த கம்ப்யூட்டரை மட்டுமே ஞாபகம் வைத்திருக்கும். அது இன்னும் கேபிள்காரரின் லேப்டாப்பையே நினைத்துக்கொண்டிருந்தது. கரண்டை நிறுத்தி ஐந்து நிமிஷம் விட்டால் மறந்துவிடும்.

சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"அணைக்காதடி! நல்ல நேரத்துல போட்டது. விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடட்டும்."

"அதுவரைக்கும் பொறுத்தா எல்லாம் போயிடும்மா! நான் சென்னைக்குப் போகணும், நீ அக்கா வீட்டுல போய்க் கெடக்கணும். தெரியுமா ஒனக்கு?"

கத்திவிட்டேன். ஒரு மாதமாக அவளிடம் மறைத்துவைத்த விஷயம் அது. சினிமா பார்க்கத்தான் இந்த வயர் என்று நினைத்திருந்தாள், பாவம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, என் கையை விலக்கிவிட்டு, சுவிட்சைத் தானே அணைத்தாள்.

"கெட்டது எதுவும் வந்தா எனக்கு வரட்டும்" என்றாள்.

அந்த ஐந்து நிமிஷமும் நாங்கள் இருவரும் மோடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது மறந்துவிடும். நான் சொன்னதை இவள் மறப்பாளா என்றுதான் எனக்கு மனசில் ஓடியது. மறுபடி போட்டதும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. என் கம்ப்யூட்டருக்கு இணைப்பு கிடைத்துவிட்டது.

நாலு மணிக்குக் கூப்பிட்ட அதிகாரி முதலில் கேட்டதே, "நடுவுல லைன் கட் ஆகுமா?" என்றுதான்.

சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, யாரும் கை வைத்துவிடாதபடி அம்மா காவல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆகாது சார்" என்றேன்.