பன்னிரண்டுக்கு மேல்

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மணிக்கயிற்றைப் பிடித்தபடியே பாதிரியார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். தபால்கார அக்காவைக் காணோம்.

வார நாள் காலைப் பூசைக்கு வருகிற ஒரே ஆள் அவள்தான். ஓய்வு பெற்ற பிறகும் நேரம் தவறாதவள். பிரசங்கம் ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்து ஓடுகிறதா என்று பார்ப்பாள். அவளால் பாதிரியாருக்குச் சுருக்கமாகப் பேச வந்துவிட்டது.

மூன்று ஊர்களுக்கும் அவர் ஒருவரே. அங்கியைத் தூக்கித் துணி காயப்போடும் கிளிப் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பார். ஞானஸ்நானம் கொடுக்கப் போன வீட்டில் தண்ணீர் பம்பையும் கழற்றி மாட்டிவிட்டு வருவார். "பம்பு மட்டுந்தான் நான் சொன்னா கேக்குது" என்பார்.

தனியாக முழந்தாளிட்டால் ஒரு வார்த்தையும் எழும்பாமல் ஆறு மாதமாகிறது. தங்கையிடம் போனில் சொன்னார்: "செபம் பண்ணா சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கும்மா."

"சுவரு குறுக்கப் பேசாதுல்ல? எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு நாள் பேசிப் பாருண்ணே."

குருப்பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று மறைமாவட்ட ஆயருக்கு எழுதிய கடிதம், தபால்தலை ஒட்டி அங்கிப் பையில் இருக்கிறது. பூசைக்கு ஒருவருமே வராத அன்று அனுப்புவதாகத் தன்னோடு ஓர் ஏற்பாடு.

அந்த நாள் வந்துவிட்டது. கை என்னவோ கயிற்றை விடவில்லை. பதின்மூன்று. பதினான்கு. இருபது வரை போனார்.

பூசைக்குப் பன்னிரண்டு அடி. அதற்கு மேல் அடித்தால் எங்கோ தீ என்று பொருள். ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும், அந்த நேரத்தில் மறந்துபோனது. வாளியும் ஈரச்சாக்குமாக நாற்பது பேர் ஓடி வந்தார்கள்.

"எங்க சாமி தீ?" என்றார் தச்சர்.

"தீ இல்லப்பா. பூசை."

"அதுக்கா இந்த ஓட்டம்? என் பொஞ்சாதி அடுப்புல பாலை விட்டுட்டு ஓடியாந்திருக்கா. இனிமேதான் தீ."

"வந்தது வந்துட்டீங்க. வாளிய ஓரமா வெச்சிட்டு உக்காருங்க. அஞ்சே நிமிஷம்."

உட்கார்ந்தார்கள். தபால்கார அக்காவின் மருமகள் மட்டும் முன்னால் வந்தாள். "அத்தைக்கு முட்டி வீங்கிப்போச்சு சாமி. படுத்துக்கிட்டே மணிய எண்ணினாங்க. 'தீயும் இல்ல ஒண்ணும் இல்ல, என்னைத்தான் கூப்புடுறாரு, போய்ச் சொல்லு'ன்னாங்க."

மறுநாள் பன்னிரண்டு அடித்தார். யாரும் வரவில்லை. அக்கா வீட்டுக்குப் போக, பூசைச் சாமான் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். பெட்டி ஒரு பக்கமாக ஆடியது. அங்கிப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து, நான்காக மடித்து, ஆடாமலிருக்கப் பெட்டிக்கு அடியில் செருகினார்.