பெயின்டுக்குள் ஒளித்து வைத்த கீறல்

சுனாமி எங்கள் ஃபைபர் தோணியை மதிலில் மோதவிட்டுப் போனது. அடிப்பக்கமெல்லாம் கீறல். பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலை ஞாபகம் வந்ததால், சுரண்டிக்கூடப் பார்க்காமல் பட்டி பூசி நீலப் பெயின்ட் அடித்துவிட்டேன்.

அதன்பின் மீன்பிடிக்கப் போன ஒரு நாள், கல்முனைக் கரை கண்ணுக்கு மறைந்த தூரத்தில், கூட வந்த மனைவியின் தம்பி அலறினான்.

"மச்சான், காலடியில தண்ணி வருது!"

பட்டி பெயர்ந்து, கீறல் பிளந்திருந்தது. இடுப்பில் உடுத்திருந்த சாறனைக் கழற்றி அதற்குள் திணித்து, குதிகாலால் மிதித்தபடி இஞ்சினைக் கரைக்குத் திருப்பினேன்.

"கலிமாவச் சொல்லிச் சொல்லி அள்ளி ஊத்துடா!"

தோணி மணலில் ஏறிய பிறகும் அவன் அள்ளிக்கொண்டேயிருந்தான்.

இப்போதெல்லாம் கீறலை அடிவரை தேய்த்துப் பார்த்துத்தான் கண்ணாடி இழையும் ரெசினும் வைத்து ஒட்டுகிறேன். கரையிலேயே தோணிக்குள் தண்ணீர் நிரப்பி, வெளியே கசிகிறதா என்றும் பார்க்கிறேன். ஒட்டிய இடத்துக்குப் பெயின்ட் அடிப்பதேயில்லை. அந்தத் தழும்பு கண்ணில் பட்டால்தான் தோணியைத் தள்ளத் துணிவு வருகிறது.