ஒரு சென்ரிமீற்றர் உயரமான எஞ்சின்

அருட்பிரகாசத்தின் பெயர் அந்தக் கராஜில் எந்தச் சிட்டையிலும் ஏறியதில்லை.

ஜெர்மனியின் ஹம் நகரத்துக் கால்வாய்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த லொறிக் கராஜ் அது. திருத்த வரும் ஒவ்வொரு லொறியின் முன்கண்ணாடியிலும் ஒரு மஞ்சள் சிட்டை செருகப்பட்டிருக்கும். வண்டியின் இலக்கம், பழுது, திகதி, கடைசி வரியில் மெக்கானிக்கின் பெயர். அருட்பிரகாசம் மல்லாந்து படுத்துக் கழற்றிப் பூட்டிய கியர்ப்பெட்டியின் சிட்டையிலும் ஊவே என்றுதான் இருக்கும். ஊவேயிடம் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்த பத்திரம் இருந்தது. அருட்பிரகாசம் யாழ்ப்பாணத்துக் குருநகரில் பதினாறு வருடம் சொந்தமாகக் கராஜ் நடத்தியவர். அதற்கு யாரும் பத்திரம் கொடுப்பதில்லை. ஆகவே இரண்டரை வருடமாக அவர் உதவியாள். சாமான் கழுவுவார், நிலம் கூட்டுவார், பிடி என்றதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஜெர்மனியில் அவருக்கு விளங்காத விஷயங்கள் பல. செய்தவனை விட்டுவிட்டுச் செய்யாதவனின் பெயரை எழுதுவது அவற்றில் முதலாவது. ஒருமுறை ஊவேயிடமே கேட்டார். ஊவே நல்லவன். தோளைக் குலுக்கிவிட்டுத் தன் பாணில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். அது பதிலா ஆறுதலா என்பதும் விளங்கவில்லை.

1994 ஓகஸ்ட் மாதத்தில் அந்த அமெரிக்க லொறி வந்தது. வந்தது என்றால், இன்னொரு லொறியின் பின்னால் இழுபட்டு வந்தது. அமெரிக்கப் படைகள் முகாம்களை மூடிக்கொண்டு போனபோது விற்றுத் தள்ளிய வண்டிகளில் ஒன்று. வாங்கியவர் ஊர் ஊராகச் சந்தைகளில் ராட்டினம் போடுகிற மனிதர். நவம்பரில் சோஸ்ற் நகரத்துப் பெருஞ்சந்தைக்குத் தன் ராட்டினத்தை இந்த லொறியால் இழுத்துக்கொண்டு, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி உள்ளே நுழைய வேண்டும் என்பது அவருடைய ஆசை.

எட்டுச் சிலிண்டர், ஏழு லீற்றர் பெற்றோல் எஞ்சின். இப்படி ஒரு எஞ்சின் லொறியில் இருக்கும் என்பதையே அந்தக் கராஜில் எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. முந்தின மாரிக் குளிரில் உள்ளே தண்ணீர் உறைந்து, இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கும் நடுவில் குந்தியிருந்து காற்றும் பெற்றோலும் பிரித்துக் கொடுக்கிற மெனிஃபோல்டை இரண்டாகப் பிளந்திருந்தது. பிஸ்ரன்கள் துருவேறி ஒட்டிப்போய்க் கிடந்தன. டீசலோடு வளர்ந்த ஊவேயும் மற்ற இருவரும் அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்கள். யாராவது செய்வீர்களா என்று முதலாளி வெஸ்ட்காம்ப் கேட்டபோது கையை உயர்த்தியவர், நிலம் கூட்டும் தும்புத்தடியோடு நின்ற அருட்பிரகாசம்.

வெஸ்ட்காம்ப் ஒரு நிபந்தனை வைத்தார். அவர் சொன்னதை ஊவே சின்னச் சின்னச் சொல்லாக உடைத்துச் சொன்னான். பின்முற்றத்து ஏற்றத்தில் இந்த லொறி ராட்டினத்தை இழுத்து ஏறினால், அடுத்த சிட்டையிலிருந்து மெக்கானிக் என்ற வரியில் அருட்பிரகாசத்தின் பெயர். ஏறாவிட்டால் தும்புத்தடி. பிறகு அதைப் பற்றிப் பேச்சே இருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து களைத்து வந்திருந்த மனைவி பிளோறன்ஸ், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எட்டுச் சிலிண்டர் நீங்கள் முந்திச் செய்திருக்கிறியளோ?"

"நாலு செய்திருக்கிறன். நாலும் நாலும் எட்டுத்தானே."

"அப்ப பிழை விட்டாலும் ரெண்டு மடங்குதான்."

பழைய பிஸ்ரன்களை மரக்கட்டை வைத்து அடித்து எடுத்ததில் ஏழு உடைந்தன. ஒன்று மட்டும் முழுசாக வந்தது. உடைந்த ஏழும் இரும்புக்காரனிடம் போயின. முழுசானதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, மினுக்கி, மடு மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி வைக்கும் தட்டாக்கினார். பக்கத்தில் இருந்த துவாரத்தில் பிளோறன்ஸ் இரண்டு பூவைச் செருகினாள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

புதுச் சாமான்கள் ஒல்லாந்திலிருந்து வந்தன. வெஸ்ட்காம்ப் தொலைபேசியில் லீற்றரையும் சிலிண்டரின் அகலத்தையும் சொல்ல, கடைக்காரர் பட்டியலைப் பார்த்துப் பிஸ்ரன் எட்டும் மெனிஃபோல்ட் ஒன்றும் அனுப்பியிருந்தார். பிஸ்ரன்கள் சிலிண்டருக்குள் பட்டுப் போல இறங்கின. பழையதில் வளையங்கள் உட்கார நாலு தவாளிப்பு, புதியதில் மூன்று. அருட்பிரகாசம் அதைக் கவனித்தார். இந்தக் காலத்தில் மூன்று வளையத்திலேயே காரியத்தை முடிக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் கவனித்தார். பிஸ்ரன் எவ்வளவு மேலே வந்தாலும் சிலிண்டரின் விளிம்புக்கு வரவில்லை. சின்னவிரல் அகலம் கீழேயே நின்றது. ஊவே விரலை உள்ளே விட்டுப் பார்த்து, இது சரியா என்று கேட்டான். அருட்பிரகாசம் சிரித்தார்.

குருநகரில் தொண்ணூறாம் ஆண்டு சண்டையால் பெற்றோல் தடைப்பட்டபோது, இருந்த கார்களையெல்லாம் மண்ணெண்ணெயில் ஓட விட்டவர்களில் அவரும் ஒருவர். மண்ணெண்ணெய்க்குச் சிலிண்டருக்குள் காற்றை நசுக்குகிற இறுக்கம் கூடிவிடக் கூடாது. இறுக்கினால் எஞ்சின் தட்டத் தொடங்கிவிடும். ஆகவே சிலிண்டர் தலைக்குக் கீழே ஒழுக்கை அடைக்கிற கஸ்கெற் ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்துத் தலையை உயர்த்துவார். பிஸ்ரன் கீழே நின்றுவிடும். கண்ணுக்கு மருந்து விடுவது போல நாலு துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பினால், பிறகு மண்ணெண்ணெயில் அது தன்பாட்டில் ஓடும். அப்படி அவர் செய்த கார்கள் கணக்கில்லை. இது படை லொறி. சண்டைக்குள் எந்த எண்ணெய் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்கனும் இதை யோசித்துத்தான் பிஸ்ரனைத் தாழ வைத்திருக்கிறான்.

"சரி," என்றார் ஊவேயிடம் ஜெர்மனில். அந்த நாட்டுக்கு வந்த பிறகு குழப்பமில்லாமல் அவருக்கு விளங்கிய முதல் விஷயம் அதுதான்.

மெனிஃபோல்ட்தான் விளங்கவில்லை. அதை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் பென்சில் நுழையக்கூடிய இடைவெளி. சிலிண்டர் தலைகளைக் கழற்றித் திரும்பப் பூட்டினார்கள். அதே இடைவெளி. கடைக்காரர் பட்டியலை மறுபடி பார்த்துச் சரியானதைத்தான் அனுப்பினேன் என்றார். கடைசியில் அருட்பிரகாசம் அலுமினியத்தில் இரண்டு தகடு வெட்டி, நாலு நாள் அரத்தால் ராவி, துளைகள் நேருக்கு நேர் வரும்படி இடைவெளியில் பொருத்தினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெஸ்ட்காம்ப் தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மற்ற மூவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஒக்ரோபர் நடுவில் எஞ்சின் எழும்பியது. அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். துறைமுகத்தில் பாரம் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். உரியவர் கொண்டுவந்து விட்டிருந்த ராட்டினத்தைக் கொழுவிக்கொண்டு ஏற்றத்துக்குப் போனார்கள். பாதி ஏறும்போதே எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது. பிறகு நின்றது. மூன்று தரம் முயன்றும் பாதிக்கு மேலே போகவில்லை.

இறுக்கம் பார்க்கும் மானியைப் போட்டுச் சிலிண்டர் சிலிண்டராகப் பார்த்தார்கள். பத்து என்று காட்ட வேண்டிய இடத்தில் ஆறு. அடுத்ததும் ஆறு. எட்டும் ஆறு. ஒன்றிரண்டு குறைந்தால் ஒழுக்கு என்று சொல்லலாம். எட்டும் ஒரே அளவாகக் குறைவது எந்தப் பழுதிலும் சேராது. தாழ்ந்த பிஸ்ரனுக்கு ஆறுதான் காட்டும் என்பது அருட்பிரகாசத்துக்குத் தெரியும். ஆனால் மண்ணெண்ணெய்க்குச் செய்த எஞ்சினை வைத்து அமெரிக்கன் எப்படி இவ்வளவு பெரிய லொறியை இழுத்தான்? கார்பரேற்றரை மாற்றினார்கள். தீப்பொறி நேரத்தை முன்னும் பின்னும் திருப்பினார்கள். யோசிக்க யோசிக்க அவருக்குத் தலை சுற்றியது.

அந்த வியாழக்கிழமை ராட்டினக்காரர் வந்து சத்தத்தைக் கேட்டார். முகமெல்லாம் பல். சோஸ்றுக்குப் போகிற றோட்டு மட்டமானது, ஏற்றத்தை எவன் கேட்டான், சனிக்கிழமை எடுக்கிறேன் என்றார். வெஸ்ட்காம்ப் ஏற்றத்தைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், பிறகு அருட்பிரகாசத்திடம், சனிக்கிழமை வண்டி போகட்டும், சிட்டை எழுதுகிறேன் என்றார். லொறி ஏறவில்லை, ஆனால் பெயர் ஏறப்போகிறது. தான் வென்றதா தோற்றதா என்று தெரியாமல் அருட்பிரகாசம் நிலத்தைக் கூட்டத் தொடங்கினார்.

ஒக்ரோபர் செபமாலை மாதம். தமிழ்க் கத்தோலிக்கர் ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டில் கூடுவார்கள். வெள்ளிக்கிழமை அருட்பிரகாசத்தின் வீட்டு முறை. பிஸ்ரன் தலையில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பாடற்குழுவில் முன்னால் நிற்கிற செல்வரட்ணம் அதைக் கண்டதும் செருமினார்.

"அண்ணை, மாதாவுக்கும் எஞ்சின் பூட்டிப்போட்டியளோ?"

"மெழுகுதிரிக்குத்தான் பூட்டினது," என்றார் அருட்பிரகாசம்.

பத்துப் பத்தாகச் சொல்லும் செபமாலையில் நாலாம் தேவ இரகசியத்தை அவர்தான் தொடங்கிக் கொடுக்க வேண்டும். இயேசு சிலுவை சுமந்துகொண்டு மலையில் ஏறுகிறார். பாதி ஏற்றத்தில் நின்றுபோன லொறி அவருடைய கண்ணுக்கு முன்னால் வந்தது. அருள்நிறைந்த மரியாயே என்று வாய் சொல்ல, கண் பிஸ்ரனில் குத்திட்டு நின்றது. பூச் செருகிய துவாரத்திலிருந்து மேல் விளிம்பு வரைக்கும் மூன்று விரல் அகலமும் ஒரு சின்னவிரல் அகலமும். புதுப் பிஸ்ரன் எட்டையும் கையில் வைத்துத் துவாரத்தில் இரும்புப் பின்னை அடித்து இறக்கியவர் அவர். துவாரத்துக்கு மேலே மூன்று விரல்தான் இருந்தது. அந்த உயரம் கைக்குத் தெரியும். அந்தச் சின்னவிரல்தான் சிலிண்டருக்குள் கீழே நிற்கிறது.

பிறகு இடைவெளிக்கு வெட்டிய தகடு நினைவுக்கு வந்தது. இந்த எஞ்சினின் உடம்பே லொறிக்கென்று ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தி வார்க்கப்பட்டது. உடம்பு உயர்ந்ததால் சரிந்து நிற்கிற தலைகள் இரண்டும் விலகி நிற்கின்றன. அதனால்தான் மெனிஃபோல்ட் எட்டவில்லை. கடைக்காரர் அனுப்பியது எல்லாம் இதே அகலமுள்ள கார் எஞ்சினுக்கு உரியவை. பிழை ஒன்றுதான். வெளியே தெரிந்த பாதியை அவர் தகடு வைத்து அழகாக மூடிவிட்டார். மற்றப் பாதி உள்ளே கிடந்தது.

பிளோறன்ஸின் முழங்கை விலாவில் இடித்தது. பத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் பதின்மூன்றாவது மரியாயேயில் நின்றார். கூடியிருந்தவர்களும் குழப்பத்தோடு பின்னால் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்கள்.

எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுப் போன பிறகு, குசினியில் அவர் பிளோறன்ஸிடம் சொன்னார். அவள் கோப்பைகளைக் கழுவியபடி கேட்டாள்.

"உங்களைத் தவிர ஆருக்காவது தெரியுமோ?"

"இல்லை. பழைய பிஸ்ரன் இஞ்சை மட்டுந்தான் இருக்கு."

"சொல்லாட்டி?"

"நாளைக்குச் சிட்டையிலை பேர் எழுதுவார்."

"சொன்னா?"

"தெரியேல்லை, பிளோறன்ஸ். இந்த ஆக்களின்ரை முகத்திலை ஒண்டும் தெரியாது. ஆனா நான் கூட்டிப் பூட்டின எஞ்சின் பாதியிலை நிக்குதெண்டு எனக்குத் தெரியுமே. அதுக்குக் கீழை என்ரை பேரை எப்பிடி எழுதுறது?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய், மாதாவின் முன்னால் ஒரு சாசர் வைத்து மெழுகுதிரியை அதற்கு மாற்றினாள். பூவை உருவி எடுத்தாள். பிஸ்ரனைக் கடைப்பை ஒன்றுக்குள் போட்டு வாசலில், அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை காலை அவர் பையை வெஸ்ட்காம்பின் மேசையில் வைத்தார். மெழுகு வடிந்திருந்த பழைய பிஸ்ரனைப் புதுப் பிஸ்ரனின் படம் இருந்த கடைக்காரரின் தாளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அளவுகோலைக் கொடுத்தார். வெஸ்ட்காம்ப் அளந்தார். தாளில் இருந்த இலக்கத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார். பிஸ்ரன் தாழ நின்றதை நீ பார்க்கவில்லையா என்று கேட்டார்.

பார்த்தேன் என்றார் அருட்பிரகாசம். பார்த்து, சரி என்று நினைத்தேன். பிறகு, தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் திரட்டி, கையாலும் காட்டி, மண்ணெண்ணெய்க் கதையைச் சொன்னார். இரண்டு கஸ்கெற்றையும் நாலு துளி பெற்றோலையும் சொன்னார். ஊவே கதவடியில் வந்து நின்று கேட்டான். வெஸ்ட்காம்ப் இடையில் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: அந்தக் கார்கள் எவ்வளவு காலம் ஓடின? நான் ஊரை விட்டு வெளிக்கிடும்வரை ஓடின என்றார் அருட்பிரகாசம். வெஸ்ட்காம்பின் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

ராட்டினக்காரர் வந்தபோது கராஜுக்கு வெளியே பெரிய சத்தம் நடந்தது. அருட்பிரகாசத்துக்கு அதில் பாதிதான் விளங்கியது. சோஸ்றுக்கு இந்த வருடமும் பழைய டீசல் லொறிதான் என்பது விளங்கியது. வெஸ்ட்காம்ப் தன்னைப் பற்றி ஏதோ சொன்னதும், ராட்டினக்காரர் திரும்பித் தன்னைப் பார்த்ததும் தெரிந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அமெரிக்க லொறியின் கண்ணாடியில் புதிய மஞ்சள் சிட்டை ஒன்று இருந்தது. பழுது: பிழையான பிஸ்ரன், எட்டு. வேலை: எஞ்சினை இறக்கி முதலிலிருந்து செய்வது. மெக்கானிக் என்ற வரியில் வெஸ்ட்காம்பின் கையெழுத்தில் அருட்பிரகாசத்தின் முழுப்பெயர். பெயர் நீளம், வரி காணாமல் கடைசி எழுத்துகள் ஓரத்தில் மேல்நோக்கி ஏறிப் போயிருந்தன.

அவர் அதை மூன்று முறை வாசித்தார். பிழை செய்தவனின் பெயரா, வேலை செய்யப்போகிறவனின் பெயரா? ஊவேயிடம் கேட்டார். ஊவே தோளைக் குலுக்கினான்.

சரி, நிலத்தைக் கூட்டிவிட்டுத் தொடங்குவோம் என்று தும்புத்தடியைத் தேடினார். அது ஊவேயின் கையில் இருந்தது.