தறிக்குழியில் ஊறிய தண்ணீர்

ஐப்பசியில் கோயில் குளம் நிரம்பினால் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தறிக்கு முன்னால் தரையில் வெட்டிய தொடையளவுக் குழி அது. விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டு, மிதிகட்டைகளை மிதித்தபடி என் மனைவி நெய்வாள். நெய்வது அவள், எழுதுவது நான்.

குளம் மண்ணுக்கடியில் நடந்து எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று தெருவே நம்பியது. பக்கத்து வீட்டம்மா குனிந்து, விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"தீர்த்தம்மா இது. குடுத்து வெச்சிருக்கே."

"நீ வேணா வந்து காலை ஊறப்போட்டுக்கினு நெய்யிக்கா" என்பாள் இவள்.

நான் சிரிக்கவில்லை. குளம் விருந்தாளியாக வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அச்சில் வந்ததும் அவளுக்கே வாசித்துக் காட்டினேன். அவள் அப்போது குழித் தண்ணீரைக் குவளையால் மொண்டு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கால் விரலிடுக்குகளில் சேற்றுப்புண். தையில் கல்யாணம் வைத்தவர்களின் புடவை தறியில் இருந்தது, அவள் குழியில் காலை இறக்காமல் தீராது.

இந்த ஐப்பசியிலும் அப்படித்தான். புடவைக் கரைக்கு நூல் போதவில்லை என்று கொஞ்சம் பட்டுக்கு வீட்டிலேயே அரக்குச் சாயம் ஏற்றினாள். மிச்சச் சாயத்தைக் கொல்லையில் கொட்டியது நான். கூரை ஓட்டுத் தண்ணீர் விழுந்து விழுந்து பள்ளமான சுவரோரத்தில். அப்புறம் மழை பிடித்தது. காலையில் பார்த்தால் குழித் தண்ணீர் அரக்கு நிறம்.

"இன்னாங்க, கோயில் குளத்துல எப்போலர்ந்து சாயம் போடுறாங்க?"

குளமும் இல்லை, விருந்தாளியும் இல்லை. கொல்லை வீட்டுப் பக்கம் சரிந்திருந்தது, அவ்வளவுதான். எங்கள் ஓட்டுத் தண்ணீரில் அவள் காலை ஊற வைத்துவிட்டு நான் அதைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மண்வெட்டியை எடுத்தேன். சுவரோரம் மண் கொட்டி, மிதித்து இறுக்கி, சரிவை வெளிப்பக்கம் திருப்பினேன். வாய்க்கால் வெட்டி, செங்கல் ஜல்லி போட்டு, பக்கத்துச் சந்து வழியாகத் தெருக் கால்வாயில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிளாஸ்டிக் குழாயைப் பிளந்து ஓட்டு விளிம்பில் கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

அவள் வந்து பார்த்தாள். "இவ்ளோதானா?" என்றாள். திட்டியிருக்கலாம்.

அடுத்த மழை விட்டுவிட்டுப் பெய்தது. தறியிலிருந்து கூப்பிட்டாள்.

"வந்து காலை வெச்சுப் பாருங்க."

இத்தனை வருடத்தில் அந்தக் குழிக்குள் நான் கால் வைத்ததேயில்லை. தரை காய்ந்திருந்தது. ஆனால் மிதிகட்டை ஊறி உப்பி, அவள் பாதம் படும் இடத்தில் வழுவழுவென்று கிடந்தது. என் கால் நிற்கவில்லை; வழுக்கியது.

"போதும், ஏறுங்க. புடவை நிக்குது."

ஏறினேன். அவள் புண்பட்ட பாதங்களை மெல்ல உள்ளே இறக்கினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வாய்க்காலில் தண்ணீர் தெருவைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.