மருதாயி தூவிய கல்லுப்பு

மருதாயிக்கு மன்னிக்கத் தெரியாது. அதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை.

ஜெகதாப்பட்டினத்து ஐஸ் பிளாண்டில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். ஈரப் பாளங்களின் மேல் வெறுங்காலோடு நடந்து, கொக்கி போட்டு இழுத்து, நொறுக்கிப் படகுக்கு ஏற்றிவிட்டவள். புருஷன் போன பிறகு, கைப்பக்குவத்தை நம்பி, வடநாட்டுச் சுற்றுலா பஸ்ஸில் சமையலுக்குச் சேர்ந்தாள். சித்திரை, வைகாசியில் பன்னிரண்டு நாளுக்கு ஒரு டிரிப். மணாலிக்குப் போனாலும் நாற்பது பேருக்கு இட்லி சாம்பார் வேண்டுமே!

முதல் டிரிப்பில்தான் அது நடந்தது. மணாலிக்கு மேலே, பனி உருகி வழிகிற ஒரு சரிவு. டூர் மேனேஜர் வெற்றிசெல்வன், அன்னவாசல்காரன், நீளமான சறுக்குக் கட்டைகளை அவள் காலில் மாட்டவைத்தான்.

"சும்மா நில்லுங்கக்கா, அதுவே கூட்டிட்டுப் போகும்."

நின்றாள். பின்னாலிருந்து தள்ளிவிட்டான். நாலு முழம் போய், சேலை ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கமாக விழுந்தாள். அவன் கை கொடுக்கவில்லை, செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டுச் சேர்த்து, வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பியும் விட்டான்.

மறுநாள் மகள் அருணா போனில் அழுதாள். "ஆத்தா, இலுப்பூர்ல மாப்பிள்ளை வீட்ல எல்லாரும் பாத்துட்டாங்க. 'ஒங்க ஆத்தா நிச்சயத்துக்கு நடந்து வருவாங்களா, உருண்டு வருவாங்களா'ன்னு அவுக அம்மா கேக்குறாங்க."

ஆனியில் நிச்சயதார்த்தம். அந்த வாசலில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்கு முன்னால் வெற்றிசெல்வன் அதே பனியில் விழ வேண்டும். மருதாயி முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த இரண்டு டிரிப்பிலும், ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போன நேரத்தில், கட்டை வாடகைக்கு விடும் மலைக்காரரிடம் போனாள். பாஷை தெரியாது. சூடாக வடை கொடுத்தாள். அவர் முழங்காலை மடக்கி, குதிகாலை அகட்டி நின்று காட்டினார். ஐஸ் பிளாண்டில் வழுக்காமல் நிற்பாளே, கிட்டத்தட்ட அதே நிலைதான். பத்துத் தடவை விழுந்தாள். பதினோராவது தடவை விழவில்லை.

கடைசி டிரிப் வைகாசி முடிகிற சமயம். மதியத்துக்குள் பனி கூழாகிவிட்டது. கட்டை நகரவே இல்லை, மலைக்காரர் கையை விரித்தார். மருதாயி பஸ்ஸுக்குப் போய்க் கல்லுப்பு மூட்டையைத் தூக்கிவந்தாள். இளகின நொறுக்கு ஐஸில் உப்பைத் தூவினால் சற்று நேரத்தில் இறுகிப்போகும். பிளாண்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! சரிவின் ஓர் ஓரமாக மேலிருந்து கீழ்வரை தூவி மிதித்துவிட்டாள். அந்த ஓரம் அழுக்காக, சொரசொரவென்று தெரிந்தது.

பஸ் ஜனங்களும் வெற்றிசெல்வனும் வந்து சேர்ந்தார்கள்.

"தம்பி, நீங்களும் நானும் எறங்குவமா?"

"மறுபடியுமாக்கா? பழைய வீடியோவே இன்னும் ஓடுது!"

"எந்தப் பக்கம் வேணும்னு நீங்களே எடுத்துக்கங்க."

"வெள்ளையா இருக்கிறது எனக்கு. அழுக்கு ஒங்களுக்கு."

இறங்கினார்கள். பத்தடி போனதும் வெற்றிசெல்வனின் கட்டை கூழில் புதைந்து நின்றுவிட்டது. ஆள் நிற்கவில்லை. முகம் குப்புற விழுந்து, வாயெல்லாம் பனியும் சேறும். மருதாயி இறுகின ஓரத்தில் சர்ரென்று இறங்கி, குதிகாலை அகட்டி, அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நாற்பது செல்போனும் உயர்ந்திருந்தன.

"அக்கா, கை குடுங்கக்கா."

"இருங்க தம்பி, வீடியோ இன்னும் முடியல."

சாயங்காலத்துக்குள் அது இலுப்பூர் போய்ச் சேர்ந்தது. சம்பந்தியம்மாவே போன் போட்டு, "நிச்சயத்துக்கு வழுக்கிக்கிட்டே வந்துருங்க சம்பந்தி" என்று சிரித்தாள். இந்தத் தடவை அந்தச் சிரிப்பில் மரியாதை இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் வெற்றிசெல்வன் ஒரு வாய் சாம்பார் சாதம் வைத்ததும் முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா, உப்பே இல்ல?"

"மலையில கெடக்கு தம்பி. போய் அள்ளிட்டு வாங்க."